சேற்றில் இருந்த கந்தகம்: ஒளிரும் பாக்டீரியா சோதனை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1992-இல் அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்களான ஜேக்கப்ஸ், டெல்ஃபினோ, பிட்டன் ஆகிய மூவரும் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். மாசடைந்த நீர்நிலைகளின் அடிச்சேற்றை அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானைக் கொண்டு பிரித்தெடுத்து, அந்தச் சாற்றை மைக்ரோடாக்ஸ் சோதனைக்கு, அதாவது ஒளிரும் பாக்டீரியாவின் ஒளி எவ்வளவு மங்குகிறது என்பதைக் கொண்டு நச்சை அளக்கும் சோதனைக்கு, உட்படுத்தியிருந்தார்கள். பாக்டீரியாவின் ஒளி மங்கியது. சேறு மாசடைந்தது என்பது முன்பே தெரியும். சாறும் நச்சுத்தன்மை காட்டுகிறது. பூச்சிக்கொல்லியோ எண்ணெய்க் கழிவோதான் காரணம் என்று எழுதி அத்துடன் முடித்திருந்தால் எந்த வாசகருக்கும் ஐயம் எழுந்திருக்காது. அவர்கள் சுட்டிக்காட்டியதோ கந்தகத்தை. எந்த ஆலையும் கொட்டாத, காற்றுப் புகாத சேற்றில் தானாகவே உண்டாகும் தனிமக் கந்தகம் அது.

அடுத்த சில ஆண்டுகளில் இதே கேள்வி வேறு இடங்களிலும் எழுந்தது. 1998-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அடிச்சேற்றுப் படிவுகளில் உள்ள தனிமக் கந்தகத்தின் நச்சுத்தன்மையைத் தனியாகவே எடுத்து ஆராய்ந்தார்கள். அதே ஆண்டில் இத்தாலியின் வெனிஸ் காயலைப் பற்றி வந்த ஆய்வு ஒன்று, படிவின் நச்சுத்தன்மையைக் கரிம மாசுகளோடும் உலோகங்களோடும் மட்டும் ஒப்பிடாமல் கந்தகத்தோடும் ஒப்பிட்டுப் பார்த்தது. ஒரு மூலையில் கிடந்த பகுப்பாய்வுச் சிக்கல், நச்சியல் துறையின் நடுவே வந்து உட்கார்ந்துகொண்டது.

இந்த நிகழ்வை நான் எடுத்துக்கொள்வதற்குக் காரணம், பாக்டீரியா சோதனைகள் எங்கெங்கே தடுமாறும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்தவரை இல்லை என்பதுதான். சேறு குளத்திலிருந்து புறப்பட்டுக் குப்பிக்குள் வந்து சேரும்வரை அதன் வேதியியல் பலமுறை மாறுகிறது. கடைசியில் கருவி தரும் எண், அந்த மாற்றங்கள் அத்தனைக்கும் சேர்த்துக் கிடைக்கும் விடை.

சோதனை எதைக் கேட்கிறது

மைக்ரோடாக்ஸ் என்ற பெயரில் பரவிய இந்த முறையை 1970-களின் இறுதியில் அமெரிக்காவின் பெக்மன் நிறுவனம் உருவாக்கியது. அங்கே பணியாற்றிய புலிச் 1979-இல் இதைப் பற்றி எழுதினார். இதில் பயன்படும் உயிரி விப்ரியோ ஃபிஷெரி என்ற கடல் பாக்டீரியா. 2007-இல் இதன் பேரினப் பெயர் அலிவிப்ரியோ என்று மாற்றப்பட்டது. ஆனால் ஆய்வகங்களில் பழைய பெயரே இன்னும் புழங்குகிறது. ஹவாய்த் தீவுகளின் ஆழமற்ற கடலில் வாழும் ஒருவகைச் சிறு கணவாயின் உடலில் ஒளியுறுப்பு ஒன்று உண்டு; அதில் குடியிருப்பதும் இந்தப் பாக்டீரியாதான்.

ஒளி எப்படி வருகிறது என்பதை அறிந்துகொண்டால் சோதனையின் பலவீனங்கள் பாதி விளங்கிவிடும். லூசிஃபரேஸ் என்ற நொதி, ஒடுக்கப்பட்ட (எலக்ட்ரான்களை ஏற்ற) ஃப்ளேவின் மூலக்கூறு ஒன்றையும் நீள்சங்கிலி ஆல்டிஹைடு ஒன்றையும் ஆக்சிஜனோடு வினைபுரியச் செய்கிறது. அப்போது சுமார் 490 நானோமீட்டர் அலைநீளத்தில் நீலப்பச்சை ஒளி பிறக்கிறது. ஃப்ளேவினை ஒடுக்குவதற்கான ஆற்றலைச் செல்லின் சுவாசத்தோடு தொடர்புடைய வளர்சிதை மாற்றம் தருகிறது. ஆகவே சுவாசத்தைத் தொந்தரவு செய்யும் எதுவும் நிமிடக்கணக்கில் ஒளியைக் குறைத்துவிடும். மீன் சோதனைக்கு 96 மணி நேரம் வேண்டும். இதற்கு அரை மணி நேரம் போதும். இதன் செல்வாக்குக்கு இந்த வேகமே காரணம்.

ஐ.எஸ்.ஓ. 11348 என்ற பன்னாட்டுத் தரநிலை இதன் நடைமுறையை வரையறுக்கிறது. புதிதாக வளர்த்த பாக்டீரியா, திரவநிலையிலிருந்து உலர்த்தியது, உறையவைத்து உலர்த்தியது ஆகிய மூன்றுக்கும் மூன்று பகுதிகள் உள்ளன. வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ். சோதனை நீரில் 2 சதவீத உப்பு. மாதிரியைச் சேர்ப்பதற்கு முன் ஒளியை அளக்க வேண்டும். சேர்த்தபின் 5, 15, 30 நிமிடங்களில் மீண்டும் அளக்கலாம். மாதிரி சேர்க்காத கட்டுப்பாட்டுக் குப்பியிலும் ஒளி தானாகவே சற்று மாறும் என்பதால் அந்த மாற்றத்தைத் திருத்தக் காரணியாகக் கணக்கில் எடுக்கிறார்கள். ஒளியைப் பாதியாகக் குறைக்கும் செறிவே இ.சி. 50. அது எவ்வளவு குறைவோ, நச்சுத்தன்மை அவ்வளவு அதிகம்.

கேள்வி எளிமையானது. ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்கும் இடம், கடல்நீரைப் போன்ற உப்பும் நடுநிலைக்கு அருகான பி.எச். அளவும் போதிய ஆக்சிஜனும் கொண்ட ஒரு சிறிய கண்ணாடிக் குப்பி. ஆற்றுச் சேற்றின் உலகத்தில் இவற்றில் ஒன்றுகூட இருக்க வேண்டிய அவசியமில்லை.

கருஞ்சேறு கந்தகமாக மாறும் வழி

கடல்நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 2.7 கிராம் சல்ஃபேட் இருக்கிறது. கழிமுகங்களிலும் காயல்களிலும் அடியில் படியும் இலைகுப்பையையும் சாக்கடைக் கரிமத்தையும் நுண்ணுயிரிகள் உண்ணத் தொடங்கியதும் சேற்றின் மேற்பரப்பிலேயே ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. சில மில்லிமீட்டருக்குக் கீழே வேறு வகை பாக்டீரியாக்கள் ஆக்சிஜனுக்குப் பதிலாகச் சல்ஃபேட்டைச் சுவாசிக்கின்றன. அவை வெளியேற்றுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டையின் நாற்றம் அதனுடையது. இந்தச் சல்ஃபைடு சேற்றிலுள்ள இரும்போடு சேர்ந்து இரும்பு சல்ஃபைடாகிறது. சேறு கறுப்பாவது அதனால்தான்.

கதை அங்கே முடிவதில்லை. மேலிருந்து சிறிதளவு ஆக்சிஜன் வரும்போதும், மண்ணிலுள்ள இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகள் தொடும்போதும் சல்ஃபைடு முழுவதுமாகச் சல்ஃபேட்டுக்குத் திரும்பிவிடுவதில்லை. பாதி வழியில் நின்றுவிடுகிறது. அந்தப் பாதி வழியின் பெயர்தான் தனிமக் கந்தகம்: எட்டு அணுக்கள் வளையமாகக் கோத்துக்கொண்ட, மின்சுமையற்ற, எண்ணெய்த்தன்மையை விரும்பும் மூலக்கூறு.

தண்ணீரில் இது கரைவதே இல்லை என்று சொல்லும் அளவுக்குத்தான் கரையும். அறை வெப்பநிலையில் லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அளவு. ஆகவே சேற்றுக்கு மேலே உள்ள நீரில் அது ஒரு பொருட்டாகவே தெரியாது. கரிமக் கரைப்பான்களின் நிலைமை வேறு. சேற்றிலுள்ள மாசுகளை வெளியே இழுப்பதற்காக ஊற்றும் அதே கரைப்பான், மணிமணியாகக் கிடந்த கந்தகத்தையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு வருகிறது. பின்பு அந்தச் சாற்றை உப்புநீரில் கலக்கும்போது, இயற்கையில் பாக்டீரியாவை ஒருபோதும் அந்த அளவில் தொட்டிருக்காத கந்தகம் ஒரேயடியாக அதன் சவ்வுக்கு முன்னால் வந்து நிற்கிறது.

கந்தகம் நுண்ணுயிரிகளுக்கு ஆகாது என்பது உழவர்களுக்குப் புதிய செய்தியல்ல. திராட்சையில் சாம்பல் நோய் கண்டால் நனையும் கந்தகத்தைத் தெளிப்பது பழைய வழக்கம். சவ்வைக் கடந்து உள்ளே சென்றபின் அது புரதங்களில் உள்ள கந்தக-ஹைட்ரஜன் முனைகளோடு வினைபுரிகிறது. அங்கேயே ஒடுக்கப்பட்டுச் சல்ஃபைடாகவும் மாறக்கூடியது. எல்லாம் சுவாசத்தில் போய் முட்டுகின்றன. தன் ஒளிக்குச் சுவாசத்தையே நம்பியிருக்கும் பாக்டீரியா, லிட்டருக்கு மைக்ரோகிராம் அளவிலேயே மங்கத் தொடங்குவது அதனால்தான். பூச்சிக்கொல்லிகள் பலவற்றுக்கு இந்தப் பாக்டீரியா மில்லிகிராம் கணக்கில்தான் அசைந்துகொடுக்கும் என்பதோடு இதை ஒப்பிட்டால், சாற்றில் சிறிதளவு கந்தகம் இருந்தாலே அது மற்றவற்றின் குரலை அமுக்கிவிடும் என்பது புரியும்.

டப்பாவுக்குள் நடக்கும் மாற்றம்

இந்த நிகழ்வில் என்னை அதிகம் கவலைகொள்ளச் செய்வது கரைப்பான் அல்ல. அதற்கு முந்தைய கட்டம். சேற்றை எடுத்துவந்து தட்டில் பரப்பிக் காற்றில் உலர்த்துவது பல ஆய்வகங்களில் வழக்கம். சலிப்பதற்கு எளிது, எடை துல்லியமாக வரும், வைத்திருப்பதும் சுலபம். ஆனால் கறுத்த சேறு சாம்பல் நிறத்துக்கும் பழுப்புக்கும் மாறும் அந்தச் சில மணி நேரத்தில், இரும்பு சல்ஃபைடு ஆக்சிஜனோடு வினைபுரிந்து இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடாகவும் தனிமக் கந்தகமாகவும் பிரிகிறது. நான்கு மூலக்கூறு இரும்பு சல்ஃபைடு ஆக்சிஜனேற்றம் அடைந்தால் நான்கு அணு கந்தகம் விடுபடும். ஆற்றில் இல்லாத கந்தகத்தை ஆய்வக மேசையே உற்பத்தி செய்துவிடுகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. சேற்றில் இருந்த சல்ஃபைடு சும்மா இருக்கவில்லை. காட்மியம், செம்பு, ஈயம், நிக்கல், துத்தநாகம் ஆகியவற்றைக் கரையாத சல்ஃபைடுகளாகப் பிணைத்து வைத்திருந்தது. அமிலத்தில் ஆவியாகும் சல்ஃபைடின் அளவை இந்த உலோகங்களின் அளவோடு ஒப்பிட்டு, படிவு நச்சாகுமா என்று கணிக்கும் அணுகுமுறை 1990-களில் வளர்ந்தது. டி டோரோவும் அவருடைய குழுவினரும் அதை முன்னெடுத்தார்கள். சேறு உலரும்போது அந்தக் கட்டு அவிழ்கிறது. உலோகங்கள் வெளியேறுகின்றன. ஆக்சிஜனேற்றம் நீண்டுகொண்டே போனால் கந்தகம் சல்ஃபூரிக் அமிலமாகி பி.எச். அளவும் சரிகிறது. அமிலம் கூடினால் உலோகம் இன்னும் கரையும்.

ஆக, ஒரே சேற்றை ஈரமாக, காற்றுப்படாமல், குளிர்பதனத்தில் வைத்துச் சோதித்தால் ஓர் எண்ணும், உலர்த்திச் சோதித்தால் வேறோர் எண்ணும் கிடைக்கும். இரண்டும் கருவி சரியாக அளந்த எண்கள்தான். அறிக்கையில் சேறு எப்படி வைக்கப்பட்டது என்ற வரி இல்லாவிட்டால் அந்த எண்ணை நான் நம்புவதில்லை. நைட்ரஜன் வாயு நிரப்பிய பை, முழுவதும் நிரம்பிய மூடிய கண்ணாடிக் குப்பி, விரைவான சோதனை ஆகிய எளிய ஏற்பாடுகளே இங்கே பெரும் வேறுபாட்டை உண்டாக்கும்.

குற்றவாளியை உறுதிசெய்வது

கந்தகத்தின் மீது சந்தேகம் எழுந்தபின் அதை நிரூபிக்கும் வழி பூச்சிக்கொல்லிப் பகுப்பாய்வாளர்களிடம் முன்பே இருந்தது. சேர்மங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டும் வாயு நிறச்சாரல் பிரிகைக் கருவியில் எலக்ட்ரான் கவர் உணரியைப் பயன்படுத்துவோருக்குப் படிவுச் சாற்றிலுள்ள கந்தகம் பழைய எதிரி. குளோரின் கொண்ட பூச்சிக்கொல்லிகள் தெரிய வேண்டிய இடத்தை அதன் பெருமுகடு மறைத்துவிடும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 3660 என்ற முறை இதற்காகவே எழுதப்பட்டது. அமிலத்தில் கழுவிப் பளபளப்பாக்கிய செம்புத் தூளைச் சாற்றோடு குலுக்கினால் கந்தகம் செம்போடு சேர்ந்து கறுத்த செம்பு சல்ஃபைடாகிவிடும். செம்பு கறுப்பதை நிறுத்தும்வரை புதிய தூள் சேர்க்க வேண்டும்.

நச்சியல் சோதனைக்கு இதைக் கொண்டுவரும்போது கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. செம்பே இந்தப் பாக்டீரியாவுக்கு நஞ்சு. அசிட்டோநைட்ரைலோ ஒற்றை மின்சுமை கொண்ட செம்பு அயனியைப் பற்றிக்கொள்ளும் தன்மையுள்ள கரைப்பான். கந்தகத்தை நீக்கப் போய் செம்பை உள்ளே விட்டுவிட்டால், ஒரு நச்சுக்குப் பதில் இன்னொன்றை வைத்ததாகிவிடும். எனவே சேறு இல்லாத வெறும் கரைப்பானையும் அதே செம்போடு குலுக்கி, அதே அளவில் பாக்டீரியாவிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அந்த வெற்று மாதிரியில் ஒளி நிலைத்தால்தான் மற்ற முடிவுகளுக்கு மதிப்பு.

அதன்பின் சாற்றைச் செம்பு சேர்ப்பதற்கு முன்பும் பின்பும் சோதிக்கலாம். நச்சு முழுவதும் மறைந்தால் கந்தகமே பெரும்பகுதி என்று கொள்ளலாம். பாதி மறைந்தால் மீதிப் பாதிக்கு வேறு காரணம் தேட வேண்டும். இதோடு நின்றுவிடக் கூடாது. மெர்காப்டன் போன்ற கந்தகக் கரிமச் சேர்மங்களையும் செம்பு சேர்த்தே நீக்கக்கூடியது. அவை மறைந்ததைக் கந்தகத்தின் கணக்கில் எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. ஆகவே சாற்றிலுள்ள கந்தகத்தின் அளவைத் தனியே அளந்து, தூய கந்தகத்தை அதே செறிவில் அதே கரைப்பானில் கொடுத்து, அது மட்டும் அவ்வளவு ஒளியை அணைக்குமா என்றும் பார்க்க வேண்டும். நீக்கும்போது நச்சு போக வேண்டும். சேர்க்கும்போது நச்சு வர வேண்டும். அளவும் பொருந்த வேண்டும். மூன்றும் ஒத்துவந்தால் மட்டுமே நான் காரணத்தை எழுதுவேன்.

உலோகத்தின் பங்கைப் பிரித்தறிய பிட்டனின் ஆய்வகத்திலிருந்தே வேறொரு கருவி வந்தது. மெட்பிளேட் என்ற அந்தச் சோதனையில் இருப்பது கடல் பாக்டீரியா அல்ல, ஈ.கோலை பாக்டீரியாவின் ஒரு திரிபு. அதன் பீட்டா-காலக்டோசிடேஸ் நொதி கன உலோகங்களுக்குக் குறிப்பாக ஈடுகொடுக்காமல் நின்றுபோகும்படி சோதனை வடிவமைக்கப்பட்டது. இரண்டு பாக்டீரியாக்களும் ஒரே மாதிரிக்கு வேறு வேறு பதில் சொன்னால், அந்த வேறுபாடே தகவல்.

அதே சேறு, எதிர்த்திசைப் பிழை

இதுவரை சொன்னது நச்சைக் கூட்டிக் காட்டும் பிழை. அதே குப்பியில், அதே நேரத்தில், நச்சைக் குறைத்துக் காட்டும் பிழையும் நிகழ முடியும் என்பதுதான் இந்த நிகழ்வின் சிக்கலான பகுதி.

கடல் பாக்டீரியாவுக்கு உப்பு வேண்டும். இல்லாவிட்டால் செல் நீரை உறிஞ்சி வெடித்துவிடும். 2 சதவீத உப்பு என்றால் லிட்டருக்கு 20 கிராம், அதாவது சுமார் 0.34 மோல் குளோரைடு. இந்தக் குளோரைடு வெறும் பார்வையாளன் அல்ல. காட்மியம் உள்ளே வந்ததும் குளோரைடு அயனிகள் ஒன்று, இரண்டு, மூன்றாக அதைச் சூழ்ந்து அணைவுகளாக்கிக்கொள்கின்றன. பெரும்பாலான உயிரிகளின் சவ்வு உள்ளே வாங்கிக்கொள்வது தனித்த காட்மியம் அயனியை. இந்த உப்புநீரில் அது மொத்தக் காட்மியத்தில் சில சதவீதம் மட்டுமே மிஞ்சுகிறது. நீர்த்தெள்ளு என்ற சிறு நன்னீர் உயிரி மைக்ரோகிராம் கணக்கில் காட்மியத்துக்கு மடியும்போது, இந்தப் பாக்டீரியா மில்லிகிராம் கணக்கைத் தாங்கிக்கொள்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வெள்ளியின் நிலையும் அப்படித்தான். ஒரு பகுதி வெள்ளிக் குளோரைடாக வீழ்படியும், மீதி குளோரைடு அணைவாகும். பாதரசத்துக்கும் குளோரைடு மீது பெருவிருப்பம் உண்டு. ஆனாலும் மின்சுமையற்ற பாதரசக் குளோரைடு சவ்வைக் கடக்கும் என்பதாலும், பாதரசத்தின் நச்சு மிகக் கடுமையானது என்பதாலும் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கும் குறைவாகவே ஒளி பாதியாகிறது. ஆகவே குளோரைடு எல்லா உலோகங்களையும் ஒரே மாதிரி மூடிமறைக்கும் என்று எண்ணிவிட முடியாது.

நேரமும் இங்கே விளையாடுகிறது. ஃபீனால் போன்றவை ஐந்து நிமிடத்திலேயே தம் வேலையைக் காட்டிவிடும். துத்தநாகம் மெல்ல மெல்லத்தான் உள்ளே செல்லும். 5 நிமிட முடிவை மட்டும் எழுதினால் அது கிட்டத்தட்ட நச்சற்றதாகவே தோன்றும்.

உப்புக்குப் பதிலாகச் சுக்ரோஸ் சர்க்கரையால் சவ்வூடு அழுத்தத்தைச் சமன்செய்யலாமா என்று 1990-இல் ஆங்க்லியும் குழுவினரும் நன்னீர்க் கழிவுகளைக் கொண்டு ஆராய்ந்து, முடிவுகளை மீன், நீர்த்தெள்ளுச் சோதனைகளோடு ஒப்பிட்டார்கள். குளோரைடு இல்லாத குப்பியில் உலோக அயனிகள் கூடுதலாகத் தனித்து நிற்கும் என்பது அதன் அடிப்படை. அது நடைமுறையில் பரவலான தரநிலையாகவில்லை. ஆனால் நன்னீர் மாதிரியில் உலோகம் இருக்கும் என்ற சந்தேகம் இருக்கும்போது இந்த மாற்றுவழியை முயன்று பார்ப்பதை நான் வலியுறுத்துவேன்.

மாதிரியிலேயே உப்பு மிகுந்திருந்தால் வேறு சிக்கல். தரநிலையின்படி உப்பு லிட்டருக்கு 20 கிராமுக்கு மேல் உள்ள மாதிரிக்கு மேலும் உப்பு சேர்க்கக் கூடாது. உப்புச்சுமை கூடிப்போனால் பாக்டீரியா அந்த உப்பினாலேயே மங்கும். அதை மாசு என்று எண்ணிவிட வாய்ப்புண்டு. நன்னீர் உயிரிகளுக்கோ அதற்கும் கீழான உப்பே கேடு. கடல் பாக்டீரியா அதைப் பற்றிச் சொல்லவே சொல்லாது.

பி.எச். அளவைத் திருத்தும்போது

சேற்றுத் துகள்களுக்கு இடையே தங்கும் இடுக்குநீரைச் சோதிப்பவர்கள் அடிக்கடி செய்யும் ஒரு காரியம், பி.எச். அளவை 7-க்குக் கொண்டுவருவது. 6-க்கும் 8.5-க்கும் இடைப்பட்டிருந்தால் பொதுவாக மாற்றத் தேவையில்லை என்கிறது தரநிலை. இந்த இடைவெளி பாக்டீரியாவுக்கு வசதியானது. வேதியியலுக்கு அது மிகப் பெரிய இடைவெளி.

ஹைட்ரஜன் சல்ஃபைடை எடுத்துக்கொள்வோம். பி.எச். 8.5-இல் சுமார் 3 சதவீதம் மட்டுமே சவ்வைக் கடக்கும் மூலக்கூறு வடிவில் இருக்கும். 7-இல் ஏறத்தாழப் பாதி. சோதனையாளர் அமிலத்தை ஒரு துளி விட்டுத் திருத்தும்போது நச்சு வடிவம் பலமடங்கு கூடுகிறது. அதே நேரம் அந்த வாயு குப்பியிலிருந்து வெளியேறவும் தொடங்குகிறது. உடனே சோதித்தால் நச்சு அதிகம். கலக்கிவிட்டுக் காத்திருந்து சோதித்தால் நச்சு குறைவு. அம்மோனியா இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது: 15 டிகிரியில் பி.எச். 7-இல் அதன் நச்சு வடிவம் 0.3 சதவீதத்துக்கும் கீழ், 8.5-இல் 7 சதவீதத்தைத் தாண்டும். சாக்கடைச் சேற்றில் இரண்டுமே இருக்கும். எந்தப் பக்கம் திருத்தினாலும் ஒன்றைக் கூட்டி மற்றொன்றைக் குறைப்பதாகவே அமையும்.

சோதனை சரியாக நடக்கிறதா என்று பார்க்கத் தரநிலை மூன்று பொருள்களை வைத்திருக்கிறது: லிட்டருக்கு 3.4 மில்லிகிராம் 3,5-டைகுளோரோஃபீனால், 2.2 மில்லிகிராம் துத்தநாகம், 18.7 மில்லிகிராம் ஆறிணைதிறக் குரோமியம். ஒவ்வொன்றும் 30 நிமிடத்தில் 20 முதல் 80 சதவீதம் வரை ஒளியைக் குறைக்க வேண்டும். அளவுகோலாக வைத்த இந்த மூன்றும்கூட வேதிச் சூழலுக்குக் கட்டுப்பட்டவையே. டைகுளோரோஃபீனால் பி.எச். 7-இல் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் மின்சுமையற்ற மூலக்கூறாக இருக்கும், 8.5-இல் மூன்றில் ஒரு பங்குதான். துத்தநாகம் காரச் சூழலில் ஹைட்ராக்சைடாக வீழ்படியும், பாஸ்ஃபேட் இருந்தால் அதோடும் போய்ச் சேரும். ஆறிணைதிறக் குரோமியம், எளிதில் ஆக்சிஜனேற்றமடையும் கரிமம் அல்லது சல்ஃபைடு நிறைந்த மாதிரியில் ஒடுக்கப்பட்டு நச்சு குறைந்த முவ்விணைதிற வடிவுக்கு மாறிவிடும். ஆகவே தூய நீரில் அளவுகோல் பொருள் சரியாக வேலைசெய்ததைக் காட்டி, சேற்றுச் சாற்றிலும் எல்லாம் சரி என்று சொல்லிவிட முடியாது. சாற்றிலேயே அந்தப் பொருளைத் தெரிந்த அளவில் சேர்த்து, எதிர்பார்த்த நச்சு வருகிறதா என்று பார்ப்பதுதான் உரிய சோதனை.

ஆக்சிஜனைச் சுருக்கமாகச் சொல்லலாம். லிட்டருக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் ஆக்சிஜன் இல்லாவிட்டால் ஒளி மங்கும். சல்ஃபைடும் சல்ஃபைட்டும் அதைத் தின்றுவிடும். குளோரின் எச்சத்தை நீக்க தயோசல்ஃபேட் சேர்ப்பவர்களும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அது வெள்ளியையும் செம்பையும் பிணைத்து அவற்றின் நச்சையும் மறைக்கும். குளோரின் மட்டுமே போனது என்று எழுதுவது அவசரம்.

செம்பைப் பிணைக்கும் எல்லாமே நச்சைக் குறைக்கும் என்பதும் தவறு. ஈ.டி.டி.ஏ. என்ற உலோகப் பிணைப்புப் பொருள் செம்பைப் பற்றினால் அது நீரிலேயே தங்கிவிடும். ஆனால் தாதுப் பிரிப்பில் பயன்படும் சாந்தேட் போன்றவை செம்போடு சேர்ந்தால் எண்ணெய்த்தன்மை கொண்ட அணைவாகி, செம்பைத் தோளில் தூக்கிக்கொண்டு சவ்வைக் கடந்துவிடுகின்றன. அப்போது மொத்தச் செம்பின் அளவு மாறாமலேயே நச்சு கூடும்.

கந்தகத்தைக் கழித்துவிடலாமா

இங்கேதான் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஒரு தரப்பினர், கந்தகம் இயற்கையானது, மாசு ஆய்வில் அது குறுக்கீடு, ஆகவே எல்லாச் சாறுகளையும் செம்பால் சுத்தம் செய்தபின்பே சோதிக்க வேண்டும் என்கிறார்கள். இதில் நியாயம் உண்டு. சேற்றில் வாழும் புழுக்களும் சிப்பிகளும் சல்ஃபைடுக்கும் கந்தகத்துக்கும் நடுவிலேயே வாழப் பழகியவை. கரைப்பானால் வலிந்து இழுத்த கந்தகம் குப்பியில் பாக்டீரியாவைத் தொடும் வழியில் அவற்றைத் தொடுவதில்லை.

ஆனால் சேற்றில் ஏன் அவ்வளவு கந்தகம் என்று கேட்டால் பதில் பெரும்பாலும் மனிதரிடமே திரும்பி வருகிறது. சுத்திகரிக்காத சாக்கடையும் உரச்சத்தால் பெருகிய பாசியும் அடியில் அழுகும்போதுதான் ஆக்சிஜன் தீர்ந்து சல்ஃபேட் ஒடுக்கம் முழுவீச்சில் நடக்கிறது. வெனிஸ் காயலாகட்டும், சென்னையின் கூவம், அடையாறு முகத்துவாரங்களின் கருஞ்சேறாகட்டும், கடல்நீரின் சல்ஃபேட்டும் நகரத்தின் கரிமக் கழிவும் சந்திக்கும் இடங்கள் அவை. அங்கே கந்தகம் மாசு அல்ல என்று கழித்துவிட்டால், மாசின் ஒரு விளைவையே கணக்கிலிருந்து நீக்குகிறோம். ஆலைக் கழிவைத் தேடி வந்தவருக்கு அது குறுக்கீடு. நகரச் சாக்கடையைத் தேடி வந்தவருக்கு அதுவே தடயம்.

அதனால் இரண்டு எண்களையும் அறிக்கையில் போட வேண்டும் என்பது என் உறுதியான நிலைப்பாடு: கந்தகத்தோடு எவ்வளவு, கந்தகம் நீங்கியபின் எவ்வளவு. அவற்றின் அருகிலேயே சேறு காற்றுப்பட்டதா, எத்தனை நாள் வைக்கப்பட்டது, எந்தக் கரைப்பான், பி.எச். திருத்தப்பட்டதா, எதைக்கொண்டு, உப்பா சர்க்கரையா, எத்தனை நிமிட முடிவு என்பவையும் வர வேண்டும். உலோகம் இருக்கும் என்று எண்ணினால் 30 நிமிட முடிவும், குளோரைடு இல்லாத ஒரு சோதனையும் அதோடு சேர வேண்டும். முகத்துவாரங்களைத் தூர்வாரும் திட்டங்களுக்கு முன் படிவு ஆய்வு கோரும் அதிகாரிகள், டெண்டர் ஆவணத்தில் நச்சுச் சோதனை என்று ஒற்றை வரியில் முடித்துவிடாமல் இந்த விவரங்களையும் கேட்டு வாங்க முடியும். தூர்வாரிய சேறு கரையில் குவிந்து காற்றில் உலரும்போது, தட்டில் நடந்த அதே ஆக்சிஜனேற்றம் பெரிய அளவில் நடக்கத்தான் போகிறது. ஈரச் சேற்றுக்கு வந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அதைக் கொட்டும் இடத்தை முடிவுசெய்யக் கூடாது.